மனப்பதற்றமும் மருந்தும்

உடலுக்கு வரும் நோயைப் பற்றிப் பேசுவதில் நம் மக்களுக்குக் கூச்சம் கிடையாது. சர்க்கரை வியாதி இருக்கிறதென்றும், இரத்தக் கொதிப்புக்கு மாத்திரை சாப்பிட்டு வருவதாகவும் சங்க வாசலில் நின்று தாராளமாகச் சொல்லிக்கொள்கிறார்கள். மனத்தைப் பற்றிய நோய் என்றால் மட்டும் வாய் அடைத்துப் போகிறது. வீட்டாரே அதை மறைக்கின்றனர். இந்த மௌனத்தினால் விளையும் நஷ்டம் சிறிதன்று. வீண் வைத்தியச் செலவு, இழந்த கூலி, தவறிய தவணை, குடும்பத்தில் சச்சரவு என அது பல உருவங்களில் வெளிப்படுகிறது.

ஆகவே இம்மாதம் நூல் விலை, பயிர்க்கடன் முதலிய வழக்கமான விஷயங்களைச் சற்றே ஒதுக்கிவைத்து, வேறொன்றைப் பற்றி எழுதத் துணிகிறோம். மனப்பதற்ற நோய்க்கு டாக்டர்கள் மனச்சோர்வுக்குரிய மருந்துகளைக் கொடுப்பது ஏன், அவை எவ்வளவு நாளில் பலன் தரும், அவற்றை உண்பவர் எவ்வகையில் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும் என்பனவே இக்கட்டுரையின் பொருள். நாம் வைத்தியத் தொழில் புரிவோர் அல்லோம். எந்த மாத்திரை எவருக்கு என்பதை டாக்டரே தீர்மானிக்க வேண்டும். அவரிடம் செல்லுமுன் அங்கத்தினர் தெரிந்துகொள்ள வேண்டியவற்றை மட்டும் இங்கே தொகுத்துரைக்கிறோம்.

கவலை வேறு, நோய் வேறு

கவலை இல்லாத மனிதன் உலகில் இல்லை. தறியில் பாவு ஏற்றியிருக்கும் நேரத்தில் நூல் கிடைக்காவிட்டால் நெசவாளிக்குக் கவலை; கதிர் முற்றும் சமயத்தில் வானம் இருண்டால் விவசாயிக்குக் கவலை. இவை நோயல்ல. காரணம் தீர்ந்ததும் தாமே தீர்ந்துபோகும். அன்றியும், ஓரளவு அச்சம் மனிதனுக்கு நன்மையே செய்கிறது. அச்சம் இருப்பதால்தான் முன்கூட்டி விதை வாங்கி வைக்கிறோம். தவணைத் தேதியை மறவாமல் இருக்கிறோம்.

காரணம் இல்லாமலும், இருக்கும் காரணத்திற்குப் பொருத்தமின்றி மிகுந்தும், பல மாதங்கள் ஓயாமல் நீடித்து, அன்றாட வேலையைக் கெடுக்கும் பதற்றமே நோய் எனப்படுவது. பெரும்பாலான நாட்களில் ஆறு மாத காலத்திற்கு இது நீடித்திருந்தால் பொதுப்பதற்ற நோய் என்று டாக்டர்கள் குறிக்கின்றனர். இதனுடன் உறக்கக் குறைவு, தசை இறுக்கம், எளிதில் களைப்பு, எரிச்சல் ஆகியவையும் சேர்ந்திருக்கும். வேறொரு வகை, திடீரெனத் தாக்குவது. மார்பு படபடக்கும், மூச்சு முட்டும், கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், இதோ உயிர் போகிறது என்று தோன்றும். சில நிமிஷங்களில் உச்சத்தை அடைந்து பிறகு தணிந்துவிடும். மறுபடியும் வருமோ என்ற பயத்தினாலேயே அம்மனிதர் சந்தைக்குப் போவதை நிறுத்துவார். பஸ் ஏறுவதை நிறுத்துவார். முடிவில் வீட்டு வாசலைத் தாண்டவும் அஞ்சுவார். இதைப் பீதி நோய் எனலாம்.

படபடப்பு என்றவுடனே அது மனநோய்தான் என்று முடிவு கட்டிவிடலாகாது. தைராய்டு சுரப்பியின் கோளாறு, இரத்தசோகை, இருதயக் கோளாறு ஆகியவற்றாலும் இதே குறிகள் தோன்றும். ஆதலின் முதலில் உடல் பரிசோதனை நடைபெறுதல் அவசியம். பரிசோதனையில் குறையில்லை என்று தெரிந்த பிறகும் ஒவ்வோர் ஆஸ்பத்திரியாக ஏறி இறங்குவதுதான் அவசியமற்றது.

சாயத் தொழிலிலிருந்து கிளைத்த மருந்துகள்

இம்மருந்துகளின் வரலாறு நம் அங்கத்தினர்களுக்கு, முக்கியமாக நெசவாளர்களுக்கு, வியப்பளிக்கக்கூடியது. இவற்றுள் பலவற்றின் மூலத்தைத் தேடிச் சென்றால் சாயத் தொழிலில்தான் போய் முடிகிறது.

1856ஆம் ஆண்டில் லண்டனில் பெர்க்கின் என்ற பதினெட்டு வயது மாணவர் மலேரியாக் காய்ச்சலுக்குரிய கொயினாவைச் செயற்கையாகச் செய்ய முயன்றார். கொயினா கிடைக்கவில்லை, ஊதா நிறச் சாயம் ஒன்று கிடைத்தது. செயற்கைச் சாயத் தொழில் அவ்வாறு பிறந்தது. மருந்தைத் தேடிச் சாயம் கிடைத்ததுபோலவே, பிற்பாடு சாயத்தைத் தேடியவர்களுக்கு மருந்து கிடைத்தது. 1876இல் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எப். கம்பெனியைச் சேர்ந்த காரோ என்னும் ரசாயன நிபுணர் மெத்திலீன் நீலம் என்ற சாயத்தை உண்டாக்கினார். அச்சாயத்தின் அமைப்பை ஆராயும்போது, 1883இல் பீனோதயசீன் என்ற பொருள் கிடைத்தது. அந்த வமிசத்தில் வந்ததே 1950இல் பிரான்ஸ் தேசத்தில் தயாரான குளோர்புரோமசீன். கடுமையான மனநோய்க்கு ஓரளவு பயன் தந்த மருந்து அது.

ஸ்விட்சர்லாந்தில் பாசல் நகரின் கைகி கம்பெனி பரம்பரையாகச் சாய வியாபாரம் செய்து வந்தது. குளோர்புரோமசீனை ஒத்த அமைப்புள்ள ஒரு பொருளை அக்கம்பெனி தயாரித்து, மியூன்ஸ்டர்லிங்கன் மனநோய் ஆஸ்பத்திரியைச் சேர்ந்த ரோலண்ட் கூன் என்ற டாக்டரிடம் கொடுத்தது. எந்த நோய்க்காகக் கொடுத்தார்களோ அதற்கு அது உதவவில்லை. 1956இல் மனச்சோர்வுற்றவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தபோது அவர்கள் தெளிவடைந்தனர். அதுவே இமிப்ரமீன். 1957இல் கூன் தம் முடிவுகளை வெளியிட்டார். அந்த ஆஸ்பத்திரியில் பல மருந்துகள் நோயாளிகளின் முறையான சம்மதமின்றிச் சோதிக்கப்பட்டன என்பதைப் பின்னர் சரித்திர ஆசிரியர்கள் ஆராய்ந்து 2019இல் எடுத்துரைத்தனர். கண்டுபிடிப்பின் பெருமையைக் கூறும்போது இதனையும் கூறுவதே நேர்மை.

இனி, மனச்சோர்வு மருந்து பதற்றத்திற்கு உதவும் என்பது எப்படித் தெரிய வந்தது என்பதைப் பார்ப்போம். நியூயார்க்கில் ஹில்சைடு ஆஸ்பத்திரியில் டொனால்ட் கிளைன் என்னும் டாக்டர், பீதித் தாக்குதலுக்கு உள்ளான சில நோயாளிகளுக்கு இமிப்ரமீன் கொடுத்தார். வாரங்கள் சில சென்ற பின்னும், மருந்தினால் பயனில்லை என்றே நோயாளி கூறினார். ஆனால் நர்சுகளின் அபிப்பிராயம் வேறாக இருந்தது. சாகப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு தினந்தோறும் பல முறை தங்களிடம் ஓடிவந்த நோயாளி இப்போது ஓடி வருவதில்லை என்று அவர்கள் கண்டார்கள். பீதி நின்றிருந்தது, பீதி வருமோ என்ற பயம் மட்டும் நிற்கவில்லை. 1960களின் தொடக்கத்தில் கிளைன் இதை எழுதி வெளியிட்டார். 1980இல் அமெரிக்க மனநோய் வைத்தியர் சங்கம் பீதி நோயைத் தனி நோயாகத் தன் அட்டவணையில் சேர்த்தது.

இந்நிகழ்ச்சியில் நமக்கு ஒரு பாடம் உண்டு. இம்மருந்தின் பலனை உண்பவரினும் உடனிருப்பவரே முதலில் காண்பது வழக்கம்.

இன்றைய மருந்துகள்

இமிப்ரமீன் நல்ல மருந்தாயினும், வாய் உலர்தல், மலச்சிக்கல், தலைச்சுற்றல் முதலிய தொல்லைகளைத் தந்தது. அளவு மிஞ்சினால் இருதயத்தையும் தாக்கியது. ஆகவே பக்க விளைவு குறைந்த மருந்துகளைத் தேடினார்கள். மூளையின் நரம்பணுக்கள் ஒன்றோடொன்று செய்தி பரிமாறிக்கொள்ளப் பயன்படும் பொருள்களுள் செரட்டோனின் ஒன்று. ஓர் அணு அதனை வெளிவிட்டு, வேலை முடிந்ததும் மீண்டும் உறிஞ்சிக்கொள்கிறது. அவ்வாறு உறிஞ்சுவதைத் தடுத்து, அணுக்களின் இடைவெளியில் செரட்டோனின் சற்று அதிக நேரம் தங்கும்படி செய்வதே புதிய மருந்துகளின் வேலை. 1987இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற புளூவாக்ஸ்டின் இவ்வகையில் மிகவும் பெயர் பெற்றது. செர்ட்ராலின், பாராக்ஸ்டின், எஸ்சிட்டலோபிராம் ஆகியவை பின்னர் வந்தன. வென்லாபாக்சின், டுலாக்ஸ்டின் என்பவை செரட்டோனினோடு மற்றொரு பொருளையும் சேர்த்துப் பாதிப்பவை. இவையனைத்தும் மனச்சோர்வு மருந்துகள் என்ற பெயரையே தாங்கி வந்தாலும், இவற்றுள் பல பதற்ற நோய்களுக்கும் முதல் வரிசை மருந்துகளாகக் கருதப்படுகின்றன. மருந்துச் சீட்டின் பெயரைக் கண்டு, "எனக்குச் சோர்வு இல்லையே, டாக்டர் மாற்றி எழுதிவிட்டாரோ?" என்று சந்தேகிக்க வேண்டுவதில்லை.

மூளையில் செரட்டோனின் குறைந்துவிட்டது, மாத்திரை அதை நிரப்புகிறது என்று சிலர் எளிதாகச் சொல்லிவிடுவர். ஆராய்ச்சி அவ்வளவு எளிய விளக்கத்தை ஆதரிக்கவில்லை. உறிஞ்சுதல் சில மணி நேரத்திலேயே தடைப்படுகிறது. மனம் தெளிவதற்கோ வாரங்கள் ஆகின்றன. இடையில் நரம்பணுக்கள் மெல்ல மெல்லத் தம்மைத் திருத்தி அமைத்துக்கொள்கின்றன என்று கருதுகிறார்கள்.

தூக்க மாத்திரையும் இதுவும் ஒன்றல்ல

பதற்றத்திற்கு மருந்து என்றதும் பலருக்கு நினைவு வருவது, இரவில் போட்டுக்கொள்ளும் சிறு மாத்திரை. அது வேறு இனம். 1960இல் குளோர்டயசெபாக்சைடு, 1963இல் டயசெபாம் என்று ரோஷ் கம்பெனியின் ஸ்டெர்ன்பாக் என்ற நிபுணரின் முயற்சியால் இவ்வினம் வெளிவந்தது. அவரும் தாம் முன்னாளில் சாயத்துக்காகச் செய்து பார்த்த பொருள்களையே மீண்டும் கையில் எடுத்தவர். இன்று அதிகமாக வழங்கும் அல்பிரசோலாம் இவ்வினத்தைச் சேர்ந்ததே.

இம்மாத்திரைகள் ஒரு மணி நேரத்திற்குள் அமைதி தரும். அவற்றின் கவர்ச்சியும் ஆபத்தும் அதுவே. நாளாக ஆக அதே அளவு போதாது. நிறுத்தினால் பதற்றம் முன்னிலும் கடுமையாகத் திரும்பும். நீண்ட நாள் உண்டவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் வரலாம். வயது முதிர்ந்தோர் தடுமாறி விழுவதற்கும் இவை காரணமாகின்றன. ஆகவே டாக்டர்கள் இவற்றைச் சில நாட்கள் அல்லது சில வாரங்களுக்கு மட்டுமே கொடுக்க விரும்புகின்றனர். 2014 முதல் அல்பிரசோலாம், டயசெபாம் முதலியவற்றை விற்கும் கடைக்காரர், வாங்குபவர் பெயரையும் சீட்டு எழுதிய டாக்டர் பெயரையும் தனிப் பதிவேட்டில் குறித்தல் வேண்டும் என்று மத்திய அரசு விதி செய்துள்ளது. சீட்டில்லாமல் பழக்கத்தின் பேரில் வாங்குவோரும் விற்போரும் சட்டத்திற்கு மாறாக நடக்கின்றனர்.

மனச்சோர்வு மருந்துகளோ உடனடி மயக்கம் தருவன அல்ல. அவற்றின்மீது வேட்கை பிறப்பதில்லை. பழகப் பழக அளவைக் கூட்டிக்கொண்டே போகவேண்டிய நிலையும் பொதுவாக இல்லை. ஆயினும் அவற்றையும் திடீரென நிறுத்தலாகாது. நிறுத்தினால் தலைச்சுற்றல், குமட்டல், எரிச்சல், உடலில் மின்சாரம் பாய்வது போன்ற உணர்ச்சி முதலியன சில வாரங்கள் தொல்லை தரும். சிலருக்கு அதற்கு மேலும் நீடிக்கும். டாக்டர் சொற்படி அளவைச் சிறிது சிறிதாகக் குறைத்து வருவதே முறை.

முதல் ஆறு வாரம்

இம்மருந்தைத் தொடங்கியவர்களுள் பலர் கைவிடுவது முதல் இரண்டு வாரத்தில். காரணம் எளிது. தொல்லை முதலில் வருகிறது. பலன் பின்னால் வருகிறது. தொடக்க நாட்களில் குமட்டல், வயிற்றுப்போக்கு, தலைவலி, உறக்கக் கேடு ஆகியவை தோன்றலாம். பதற்றமே சற்று மிகுந்தாற்போலவும் இருக்கும். இதை அறிந்துதான் டாக்டர்கள் பதற்ற நோயாளிகளுக்குக் குறைந்த அளவில் தொடங்கி மெதுவாகக் கூட்டுகிறார்கள். இத்தொல்லைகள் பெரும்பாலும் இரண்டொரு வாரத்தில் தணிந்துவிடும். நல்ல மாறுதல் இரண்டாவது வாரம் முதல் தலைகாட்டத் தொடங்கி, ஆறு வாரம் வரையிலோ அதற்குச் சற்றுக் கூடுதலாகவோ ஆகிப் புலப்படும். நாற்று நட்ட மறுநாளே கதிரைத் தேடும் விவசாயி உண்டா?

குணம் கண்டவுடன் நிறுத்துவதும் தவறு. பதற்ற நோய் திரும்பி வரும் இயல்புடையதாதலால், பலன் தந்த மருந்தை ஓராண்டேனும் தொடர வேண்டும் என்று இங்கிலாந்தின் அரசாங்க வைத்திய வழிகாட்டி கூறுகிறது. ஒரு மருந்து உதவவில்லையானால் வேறொன்றை டாக்டர் முயன்று பார்ப்பார். எல்லோருக்கும் குணமாகும் என்று உறுதி கூற இயலாது. பலருக்குப் பாதி உதவி, சிலருக்கு முழு உதவி, சிலருக்கு உதவியின்மை என்பதே உண்மை நிலை.

மருந்து ஒன்றே வழி என்பதும் இல்லை. மனநல ஆலோசகர் ஒருவர் பல வாரங்கள் பயிற்சி தந்து, அஞ்சத் தகாதவற்றுக்கு அஞ்சும் எண்ணத்தைச் சோதித்துத் திருத்தும் சிகிச்சை முறை மருந்துக்கு நிகராகவே பயன் தருகிறது. அதற்கு ஆட்கள் எங்கும் கிடைப்பதில்லை என்பதுதான் குறை. கிடைக்கும் இடத்தில் அதை நாடலாம். இரண்டையும் சேர்த்தும் செய்யலாம். காப்பியைக் குறைத்தலும், மதுவை விலக்கலும், நாள்தோறும் நடத்தலும் யாருக்கும் செலவில்லாத துணைகள்.

டாக்டரிடம் மறைக்கக் கூடாதவை

நெசவாளர்கள் முதுகுவலிக்கும் முழங்கால் வலிக்கும் கடையில் வலி மாத்திரை வாங்கி உண்பது சாதாரணம். இபுபுரூபன், டைக்ளோபெனாக், ஆஸ்பிரின் போன்றவற்றை இம்மருந்துகளோடு சேர்த்தால் குடலில் இரத்தக் கசிவு உண்டாகும் அபாயம் அதிகரிக்கிறது. டிராமடால் என்னும் வலி மருந்தோடு சேர்வது வேறு வகையில் ஆபத்தானது. ஆதலின் உண்டு வரும் மாத்திரைகள் அனைத்தையும், நாட்டு மருந்துகள் உட்பட, டாக்டரிடம் காட்டிவிட வேண்டும்.

முன்பு எப்போதாவது அளவுகடந்த உற்சாகமும், உறக்கமே வேண்டாத வேகமும் சில நாட்கள் இருந்திருந்தால் அதையும் சொல்ல வேண்டும். அத்தகையோருக்கு இம்மருந்து மட்டும் கொடுத்தால் மனவெழுச்சி கிளம்பக்கூடும். தாம்பத்திய வாழ்வில் இம்மருந்துகளால் விருப்பக் குறைவு ஏற்படுவது உண்டு. வெட்கத்தால் இதை மறைத்து மருந்தைத் தாமே நிறுத்திவிடுவோர் பலர். டாக்டருக்கு இது புதிய செய்தியல்ல. மாற்று வழி கூறுவார். கர்ப்பம் தரித்தவர்களும் பாலூட்டும் தாய்மாரும் தாமாகத் தொடங்கவும் கூடாது, தாமாக நிறுத்தவும் கூடாது.

மிகவும் முக்கியமான எச்சரிக்கை ஒன்று உண்டு. இளம் வயதினருக்கு இம்மருந்துகளின் தொடக்க வாரங்களில் தற்கொலை எண்ணம் மிகலாம் என்று அமெரிக்க அரசு 2004இல் எச்சரித்து, 2007இல் அதனை இருபத்துநான்கு வயது வரையில் விரிவுபடுத்தியது. இதற்காக மருந்தே வேண்டாம் என்பது பொருளன்று. அவ்வாரங்களில் இளைஞரை வீட்டார் உடனிருந்து கவனிக்க வேண்டும். மாறுதல் கண்டால் அன்றே டாக்டரிடம் அழைத்துச் செல்ல வேண்டும் என்பதே பொருள்.

பதிவேடு காட்டிய உண்மை

நாம் பார்வையிடச் செல்லும் சங்கங்களுள் ஒன்றில், நூல் பட்டுவாடாப் பதிவேட்டைப் புரட்டுகையில் ஓர் அங்கத்தினர் பெயருக்கு எதிரே எட்டு மாத காலம் அவருடைய மனைவியின் கையொப்பமே இருக்கக் கண்டோம். முறைப்படி காரணம் வினவினோம். நாற்பது வயதைக் கடந்த அந்நெசவாளி நல்ல வேலைக்காரர். தவணை தவறிய ஒரு மாதத்தில் சங்கத்துக்கு வரும் வழியிலேயே மார்பு அடைத்து உட்கார்ந்துவிட்டார். மாரடைப்பு என்று அஞ்சி மூன்று ஆஸ்பத்திரிகளில் பரிசோதனை செய்தார்கள். இருதயம் பழுதில்லை. அச்செலவுக்காக வெளியில் வட்டிக்கு வாங்கியதுதான் மிச்சம். அதன் பிறகு அவர் தெருமுனையைத் தாண்டவில்லை. அம்மையாரே நூலைச் சுமந்து சென்றார்; துணியையும் கொண்டுவந்து கொடுத்தார்.

கடைசியில் மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு டாக்டர் பீதி நோய் என்று கண்டு மாத்திரை கொடுத்தார். பத்தாம் நாள் அவர் அதை வீசி எறிந்துவிட்டார். வயிறு புரட்டுகிறது, பலனும் இல்லை, பைத்தியக்காரருக்குக் கொடுப்பதை எனக்குக் கொடுத்துவிட்டார்கள் என்பது அவர் வாதம். அம்மையார் விடவில்லை. மீண்டும் அழைத்துச் சென்றார். அளவைப் பாதியாக்கித் தொடங்கினார்கள். இரண்டு மாதம் ஆயிற்று. குணமில்லை என்றே அவர் சொல்லிவந்தாராம். ஆனால் பதிவேடு வேறு கூறியது. மூன்றாம் மாத வரிசையில் அவருடைய கையொப்பமே இருந்தது. எழுத்து சற்றுக் கோணியிருந்தது, எனினும் அவருடையதுதான்.

மாத்திரை அவருடைய கடனை அடைக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். வெளிக்கடன் வட்டி ஏறிக்கொண்டுதான் இருந்தது. மாத்திரை செய்தது இவ்வளவே: கணக்கை எதிரில் வைத்து உட்காரும் சக்தியை மீட்டுத் தந்தது. அதன்பின் நிர்வாகக் குழுவினரோடு பேசித் தவணையை மாற்றி அமைத்துக்கொள்ள அவரே வந்தார்.

அங்கத்தினரும் சங்கமும் செய்யத்தக்கவை

மாவட்ட மனநலத் திட்டம் 1996இல் தொடங்கப்பெற்றது. அதன் வாயிலாக மாவட்ட அரசு ஆஸ்பத்திரிகளில் மனநலச் சிகிச்சை இலவசமாகக் கிடைக்கிறது. 2022ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் தேதி தொடங்கிய டெலி மானஸ் என்னும் அரசாங்கத் தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், அரசு நடத்தும் நிலையங்களில் சிகிச்சை பெறுவதை ஒவ்வொருவரின் உரிமையாக்கியிருக்கிறது. நோயாளியின் விவரங்களை இரகசியமாகக் காக்க வேண்டும் என்றும் விதித்திருக்கிறது. புளூவாக்ஸ்டின், செர்ட்ராலின் முதலியவை பல கம்பெனிகளால் தயாரிக்கப்படுவதால் விலையும் மிகுதியில்லை. தமிழ்நாட்டில் 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகங்களில் ஒரு பகுதியைக் கூட்டுறவு சங்கங்களே நடத்துகின்றன. தொடர்ந்து மருந்து உண்ண வேண்டியவர்கள் குறைந்த விலையில் கிடைக்கும் இடத்தை விசாரித்துக்கொள்ளலாம்.

நிர்வாகிகளுக்கும் கடமை உண்டு. அங்கத்தினர் ஒருவர் வருவதை நிறுத்திவிட்டால், பாக்கிக்குப் பயந்து ஒளிகிறார் என்று எண்ணுமுன் ஒரு முறை வீடு தேடிச் சென்று விசாரிப்பது நலம். மகாசபைக் கூட்டத்தில் ஒருவர் வியர்த்து நடுங்கினால் சிரிக்காதிருப்பது பெரிய உதவி. மாத்திரை உண்ணும் செய்தி தெரிய வந்தால் அதைப் பிறரிடம் பரப்பாதிருப்பது அதினும் பெரிய உதவி.

ஒரு நூல் அறுந்தால் தறியை நிறுத்தி, அந்த இழையைத் தேடி முடிந்துவிட்டுத்தான் மேலே நெய்கிறோம். அறுந்த இழைக்காகப் பாவையே எறிந்துவிடுவதில்லை; அறுந்ததை மறைத்து நெய்வதும் இல்லை. மனத்திற்கும் அம்முறையையே கைக்கொள்ளுமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.